ஆறேகால் பல்லின் கணக்கு: ஹைபிரிட் ஸ்டெப்பர் மோட்டார் எப்படி நடக்கிறது, எங்கே தடுக்கி விழுகிறது

கதவுப் பலகையில் பூ வேலை பாதி முடிந்திருக்கும். அதுவரை கோடும் கோடும் சேர்ந்தே வந்திருக்கும். திடீரென்று ஓர் இதழ் அரை மில்லிமீற்றர் தள்ளி விழும். அதற்குப் பிறகு வெட்டுவதெல்லாம் அதே அரை மில்லிமீற்றர் தள்ளியே போகும். மெசின் நிற்காது, எச்சரிக்கை விளக்கு எரியாது, கணினித் திரையில் எல்லாம் சரியென்றே இருக்கும். காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று தளபாட வேலை நடக்கும் ஊர்களில் சி.என்.சி. ரூட்டர் (கணினி சொல்கிறபடி பலகையைச் செதுக்கும் மெசின்) வைத்து வேலை செய்யும் ஓடாவிமாருக்கு இது தெரிந்த தலைவலி. வெட்டுவது முதிரைப் பலகை என்றால் நட்டமும் சின்னதல்ல.

இந்த மெசினை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார், ஒவ்வொரு மின் துடிப்புக்கும் (பல்ஸுக்கும்) ஒரு படி திரும்பி நிற்கும் மோட்டார். உடனே வருகிற முடிவு, "மோட்டருக்குப் பலம் காணாது, பெரிசா ஒண்டு போடணும்" என்பது. பல நேரங்களில் அது காசைக் கரைக்கும் முடிவு. மோட்டாரின் லேபிளில் அச்சடித்திருக்கும் முறுக்குவிசை, அது அசையாமல் நிற்கும்போது தாங்கும் அளவு. ஓடும்போது என்ன தரும் என்பதைத் தீர்மானிப்பவை பவர் சப்ளையின் வோல்ட்டும் சுருளின் தூண்டல்திறனும் (ஓட்டம் சட்டென்று ஏறுவதைத் தடுக்கும் குணம்). லேபிளில் பெரிய எழுத்தில் இருப்பது முதலாவது. நமக்குத் தேவைப்படுவது இரண்டாவது. இந்த வித்தியாசம் புரிய வேண்டுமானால் மோட்டாரின் உள்ளே இருக்கும் பற்களை ஒரு தடவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உள்ளே இருக்கும் பற்கள்

சுழலும் பாகமான ரோட்டர் என்பது ஒரே தண்டில் கோத்த இரண்டு பற்சில்லுகள். இரண்டுக்கும் நடுவில் தட்டையான ஒரு நிலைக்காந்தம் இருக்கும். அதைத் தண்டின் திசையிலேயே காந்தமாக்கியிருப்பார்கள். ஆகவே முன் சில்லின் பற்கள் அத்தனையும் வட முனைவு, பின் சில்லின் பற்கள் அத்தனையும் தென் முனைவு. ஒவ்வொரு சில்லிலும் 50 பற்கள். 360 பாகையை 50 ஆல் பிரித்தால் ஒரு பல்லுக்கு 7.2 பாகை. இரண்டு சில்லையும் நேருக்கு நேர் வைக்காமல் அரைப் பல் திருப்பி வைத்து அழுத்தியிருப்பார்கள். முன் பக்கம் பல் நிற்கும் இடத்தில் பின் பக்கம் பள்ளம் இருக்கும். கழற்றிய ஒரு ரோட்டரைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் இந்த அரைப் பல் விலகல் கண்ணுக்கே தெரியும்.

அதைச் சுற்றி நிற்கும் ஸ்டேட்டரில் 8 முனைவுகள், ஒவ்வொன்றிலும் செப்புச் சுருள். ஒவ்வொரு முனைவின் முகத்திலும் சின்னச் சின்னப் பற்கள், பெரும்பாலும் ஆறு. எட்டாறு 48. ரோட்டரில் 50, ஸ்டேட்டரில் 48. இந்த இரண்டு பல் வித்தியாசத்தில்தான் முழு வித்தையும் இருக்கிறது.

ஸ்டேட்டர் முனைவுகள் 45 பாகை இடைவெளியில் நிற்கின்றன. 45 பாகைக்குள் ரோட்டர் பற்கள் எத்தனை அடங்கும்? 45 ஐ 7.2 ஆல் பிரித்தால் ஆறேகால். அதாவது முதலாம் முனைவின் பற்கள் ரோட்டரின் முன் சில்லுப் பற்களோடு நேராக நிற்கும்போது, இரண்டாம் முனைவில் கால் பல் விலகி நிற்கும். மூன்றாவதில் பன்னிரண்டரை, ஆக அரைப் பல் விலகல். நாலாவதில் பதினெட்டே முக்கால், முக்கால் பல் விலகல். ஐந்தாவதில் சரியாக 25, மறுபடியும் நேர். ஒன்றும் ஐந்தும் ஒத்துப்போகும், மூன்றும் ஏழும் அரைப் பல் தள்ளி நிற்கும்.

ஒற்றை எண் முனைவுகள் நான்கும் ஒரு சுற்று, அதை 'ஏ' என்போம். இரட்டை எண் முனைவுகள் நான்கும் மற்றச் சுற்று, 'பி'. ஏ சுற்றில் கம்பி சுற்றியிருக்கும் விதத்தால், மின்னோட்டம் விட்டவுடன் ஒன்றும் ஐந்தும் தென் முனைவாகும், மூன்றும் ஏழும் வட முனைவாகும். ஒன்றும் ஐந்தும் முன் சில்லின் வடப் பற்களை இழுத்து நேராக நிறுத்தும். அதே நேரத்தில் மூன்றும் ஏழும் பின் சில்லின் தென் பற்களை இழுக்கும். பின் சில்லு ஏற்கெனவே அரைப் பல் திருப்பி வைக்கப்பட்டிருப்பதால் அங்கேயும் பல் பல்லோடு நேராக வந்து நிற்கும். நான்கு முனைவுகளும் ஒரே இடத்துக்கே இழுக்கின்றன, ஒன்று மற்றொன்றுக்கு எதிராக வேலை செய்வதில்லை. நிலைக்காந்தத்தின் பாயமும் பற்களின் வடிவமும் ஒன்றுசேர்ந்து இழுப்பதால்தான் இதற்கு ஹைபிரிட் என்று பெயர் வந்தது.

இப்போது 'ஏ' சுற்றை நிறுத்தி 'பி' சுற்றுக்கு ஓட்டம் கொடுத்தால், கால் பல் விலகி நின்ற இரண்டாம் முனைவு தன் பற்களை நேராக்கும். ரோட்டர் கால் பல் நகரும், அதாவது 1.8 பாகை. அடுத்து ஏயில் ஓட்டத்தைத் திருப்பி விட்டால் இன்னொரு கால். அதன் பிறகு பியில் திருப்பினால் இன்னொரு கால். திரும்ப முதல் நிலைக்கு வரும்போது சரியாக ஒரு பல் நகர்ந்திருக்கும். ஒரு பல்லுக்கு 4 படி, 50 பல்லுக்கு 200 படி. 0.9 பாகை மோட்டாரில் 100 பற்கள், 400 படிகள். கணக்கு அதேதான்.

ரோட்டர் பல்லுக்கும் ஸ்டேட்டர் பல்லுக்கும் இடையில் உள்ள காற்றிடைவெளி ஒரு தலைமயிரின் தடிப்பளவு, 0.05 முதல் 0.1 மில்லிமீற்றர் வரை. அதனால்தான் இந்த மோட்டாரைத் துப்புரவு செய்கிறேன் என்று கழற்றக் கூடாது. காந்தம் இரும்புத் தூளை இழுத்துக்கொள்ளும். அந்தத் தூள் இடைவெளியில் சிக்கினால் பற்கள் உராயும். பழைய அல்னிக்கோ காந்தம் போட்ட மோட்டார் என்றால், ரோட்டரை வெளியே எடுத்த மாத்திரத்திலேயே காந்தத்தின் ஒரு பங்கு போய்விடும், திரும்பப் பூட்டினாலும் பழைய பலம் வராது. பழைய போட்டோகொப்பி மெசினில் இருந்து எடுத்த மோட்டாரை மாணவர்களுக்குத் திறந்து காட்டுவது நல்ல பாடம். ஆனால் அது திரும்ப வேலைக்குப் போகாது என்று நினைத்துக்கொண்டே திறக்க வேண்டும்.

இந்த அமைப்பு படிப்படியாக நடக்க வேண்டும் என்று உருவானதல்ல. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஃபையர்டாக், டொனஹூ இருவருக்கும் 1952 இல் அமெரிக்காவில் கிடைத்த காப்புரிமை, மெதுவாகச் சுற்றும் ஒத்தியங்கு மோட்டார் ஒன்றுக்கானது. பல் சில்லு வைத்து வேகத்தைக் குறைக்காமல், ஏ.சி. மின்சாரத்திலேயே நேரடியாக மெதுவாகச் சுற்ற வைப்பதுதான் நோக்கம். மின்சாரத்தின் ஒரு சுழற்சிக்கு ஒரு பல் நகரும். அமெரிக்காவின் 60 ஹேர்ட்ஸில் அது நிமிடத்துக்கு 72 சுற்று. நமது நாட்டின் 50 ஹேர்ட்ஸில் சரியாகச் செக்கனுக்கு ஒரு சுற்று. இன்றைய ட்ரைவர் (மோட்டாருக்கு ஓட்டத்தை அளந்து விடும் மின்னணுப் பெட்டி) செய்வதும் ஏறக்குறைய அதுவே. நாம் விரும்பும் மீடிறனில் இரண்டு சைன் அலைகளை உருவாக்கி, கால் சுழற்சி விலகலில் இரண்டு சுருளுக்கும் அனுப்புகிறது.

எவ்வளவு துல்லியம், எவ்வளவு பிடி

ஒரு படியின் பிழை நூற்றுக்கு 5 வரை இருக்கலாம் என்று விவரத்தாள்கள் சொல்லும். 1.8 பாகையில் அது 0.09 பாகை. 5 மில்லிமீற்றர் லீட் உள்ள, அதாவது ஒரு சுற்றுக்கு மேசையை 5 மில்லிமீற்றர் நகர்த்தும் போல்ஸ்குரூவில் (குண்டுகள் மேல் உருளும் திருகுத் தண்டில்) இதன் அளவு ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்றேகால் பங்கு. மரவேலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மேலும் இந்தப் பிழை சேர்ந்து சேர்ந்து பெருகுவதில்லை, 200 படிக்குப் பிறகு பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

கவனிக்க வேண்டியது சுமையால் வரும் பின்தங்கல். மோட்டார் விறைப்பான ஆணி போல நிற்பதில்லை, முறுக்கிய ஸ்பிரிங் போல நிற்கிறது. தண்டைத் திருப்ப முயன்றால் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, விட்டுக்கொடுத்த அளவுக்கு எதிர்க்கும். எதிர்ப்பு சைன் வளைவில் கூடும். தாங்கும் முறுக்குவிசையில் பாதிச் சுமை வந்தால் ரோட்டர் 0.6 பாகை பின்தங்கும். முழுச் சுமையில் 1.8 பாகை, ஒரு முழுப் படி. அதற்கு மேல் தள்ளினால் எதிர்ப்பு குறையத் தொடங்கும், ரோட்டர் வழுக்கி அடுத்த பல்லில் போய் விழும். இடையில் எங்கும் நிற்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பழுது பார்க்கும்போது உதவும்.

மைக்ரோஸ்டெப் (ஒரு முழுப் படியை ஓட்டத்தின் அளவால் பல சிறு படிகளாகப் பிரிப்பது) பற்றிய தவறான எண்ணமும் இங்கேதான் பிறக்கிறது. 16 மைக்ரோஸ்டெப் வைத்தால் துல்லியம் 16 மடங்கு என்று பலர் நம்புகிறார்கள். ஒரு மைக்ரோஸ்டெப்புக்கு மட்டும் ஓட்டத்தை நகர்த்தினால் கிடைக்கும் முறுக்குவிசை, 8 இல் தாங்கும் விசையின் நூற்றுக்கு 20 அளவு, 16 இல் 10, 256 இல் ஒன்றுக்கும் கீழே. ஸ்குரூவிலும் ரெயிலிலும் உள்ள உராய்வு நூற்றுக்கு 10 ஐத் தாண்டினால், முதல் மைக்ரோஸ்டெப்புக்கு மேசை அசையவே அசையாது. இரண்டு மூன்று சேர்ந்த பிறகு ஒரேயடியாக நகரும். ஆனாலும் மைக்ரோஸ்டெப் அவசியம். அது தருவது மென்மையான ஓட்டம். 8 அல்லது 16 போதும். அதற்கு மேல் போனால் கட்டுப்பாட்டு அட்டை அனுப்ப வேண்டிய பல்ஸ்களின் எண்ணிக்கைதான் கூடும்.

வேகம் கூடக் கூட என்ன நடக்கிறது

மரம் வெட்டும் ரூட்டரில் அதிகம் காணப்படும் நேமா 23 (முகத்தின் அளவைக் குறிக்கும் பெயர்) மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முகம் 57 மில்லிமீற்றர், நீளம் 56. லேபிளில் 1.26 நியூற்றன் மீற்றர், 2.8 அம்பியர், 0.9 ஓம், 2.5 மில்லிஹென்றி. 2.8 ஐ 0.9 ஆல் பெருக்கினால் 2.5 வோல்ட்தான். "இரண்டரை வோல்ட் மோட்டாருக்கு 36 வோல்ட் கொடுத்தால் எரியாதா?" என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். எரியாது. ட்ரைவர் ஓட்டத்தை அளந்து அளந்து வெட்டி விடும். 36 வோல்ட்டை முழுதாகத் திறந்து, 2.8 அம்பியர் வந்தவுடன் மூடி, குறைந்தவுடன் திரும்பத் திறக்கும். செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை இது நடக்கும்.

அந்த உயர்ந்த வோல்ட் ஏன் தேவை? சுருளுக்குள் ஓட்டம் ஒரே பாய்ச்சலில் ஏறாது, தூண்டல்திறன் அதைத் தடுக்கும். இந்த மோட்டாரில் 2.8 அம்பியர் ஏற 24 வோல்ட்டில் ஏறக்குறைய 0.3 மில்லிசெக்கன் எடுக்கும், 48 வோல்ட்டில் அதில் பாதி. நிமிடத்துக்கு 300 சுற்றில் ஒரு முழுப் படிக்குக் கிடைப்பது 1 மில்லிசெக்கன், 1000 சுற்றில் 0.3 மில்லிசெக்கன். ஏறி முடிவதற்குள் இறங்க வேண்டிய நேரம் வந்துவிடும்.

போதாததற்கு, சுழலும் காந்தம் தானே ஒரு ஜெனரேட்டராகி எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கும். அதன் அளவை லேபிளில் இருந்தே கண்டுபிடிக்கலாம். தாங்கும் விசையை ஓட்டத்தாலும் 1.414 ஆலும் பிரியுங்கள்: 1.26 ஐ 2.8 ஆலும் 1.414 ஆலும் பிரித்தால் 0.32. செக்கனுக்கு ஒரு ரேடியன் (ஏறக்குறைய 57 பாகை) வேகத்துக்கு இத்தனை வோல்ட். நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் 62.8 ரேடியன், ஆக 20 வோல்ட் எதிராக நிற்கிறது. 24 வோல்ட் சப்ளையில் ஓட்டத்தைத் தள்ள மிஞ்சுவது வெறும் 4.

இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், 2.8 அம்பியர் உச்சத்தை முறையாகத் தள்ள 300 சுற்றில் 17 வோல்ட் அளவு வேண்டும். 600 இல் 31 அல்லது 32. 1000 இல் 50 ஐத் தாண்டும். லீட் 5 மில்லிமீற்றர் என்றால் இந்த மூன்றும் நிமிடத்துக்கு 1500, 3000, 5000 மில்லிமீற்றர் வேகங்கள். 24 வோல்ட் சப்ளை போட்ட மெசின் 1500 இல் அருமையாக வெட்டி, 3000 இல் தடுக்கி விழுவதன் காரணம் இதுதான். அந்த எல்லைக்குப் பிறகு முறுக்குவிசை அறவே இல்லாமல் போவதில்லை. ட்ரைவர் ஓட்டத்தின் மேலுள்ள பிடியை இழக்கும், வேகத்துக்கு எதிரே வரையும் முறுக்குவிசை வளைவு சரியத் தொடங்கும்.

இனி "பெரிசா ஒண்டு" போட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். அதே 57 மில்லிமீற்றர் முகம், நீளம் இரண்டு மடங்கு, 3 நியூற்றன் மீற்றர், 4.2 அம்பியர், 3.8 மில்லிஹென்றி. நிற்கும்போது உண்மையிலேயே இரண்டரை மடங்கு பலம். ஆனால் 600 சுற்றில் முழு ஓட்டத்தைத் தள்ள இதற்கு 60 வோல்ட் வேண்டும். அதே 36 வோல்ட்டில் ஓட்டினால், வேகம் ஏற ஏற இரண்டு மோட்டார்களின் வளைவுகளும் நெருங்கி வந்து ஏறக்குறைய ஒன்றாகிவிடும். அங்கே முறுக்குவிசையைத் தருவது சப்ளையின் வோல்ட், மோட்டாரின் உடம்பு அல்ல. கூடவே கனத்த ரோட்டரை முடுக்குவதற்கும் விசை போகும். ஆகவே வேகத்தில் தடுக்கும் மெசினுக்கு முதலில் மாற்ற வேண்டியது பவர் சப்ளை. மெதுவாக ஆழ வெட்டும்போதே தடுக்கிறது என்றால்தான் பெரிய மோட்டார் பற்றி யோசிக்க வேண்டும், அதுவும் ரெயிலும் ஸ்குரூவும் இறுகவில்லை என்று உறுதிப்படுத்திய பிறகு.

புதிய மோட்டார் வாங்கும்போது ஒரே முறுக்குவிசையில் இரண்டு வகை கிடைத்தால், அம்பியர் கூடியதும் மில்லிஹென்றி குறைந்ததுமான மோட்டாரை எடுங்கள். கடைக்காரர் சொல்வது கிலோகிராம் சென்ரிமீற்றர் கணக்கு என்றால், 1 நியூற்றன் மீற்றருக்கு 10.2.

சப்ளையை உயர்த்தும்போது ட்ரைவரின் எல்லையைப் பார்க்க வேண்டும். டி.எம். 542 வகை ட்ரைவருக்கு எல்லை 50 வோல்ட். 36 வோல்ட் சப்ளை பொருத்தம். 48 போட்டால், கனத்த மேசை வேகமாக நிற்கும்போது மோட்டார் திருப்பி அனுப்பும் சக்தி வோல்ட்டை 50 க்கு மேல் தூக்கி ட்ரைவரைச் சுட்டுவிடக்கூடும். இன்னொன்று: வெளிநாட்டில் இருந்து வரும் பல சப்ளைகளின் பக்கத்தில் 115, 230 என்று ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கும். 115 இல் இருப்பதைக் கவனியாமல் நம்முடைய 230 இல் செருகினால் அந்தக் கணமே கப்பாசிட்டர் வெடிக்கும்.

முனகல்

ஸ்பிரிங் போல நிற்கும் ரோட்டருக்கு ஸ்பிரிங்கின் குணமும் உண்டு. அதற்கென்று ஓர் இயற்கை மீடிறன் இருக்கும். மேலே சொன்ன 1.26 மோட்டாரில் தனி ரோட்டருக்கு அது செக்கனுக்கு 230 அளவு. 16 மில்லிமீற்றர் விட்டமும் ஒரு மீற்றர் நீளமும் கொண்ட ஸ்குரூவையும் 20 கிலோ மேசையையும் பூட்டினால் 130 அளவுக்கு இறங்கும். இந்தச் சுமையில் மேசையின் பங்கைவிட ஸ்குரூவின் பங்கு நாலு மடங்கு வரை பெரியது என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. மேசையை மெல்லியதாக்க மினைக்கெடுவதைவிட, தேவைக்கு மேல் தடித்த ஸ்குரூவைத் தவிர்ப்பது பலன் தரும். முழுப் படிகளின் வேகம் இந்த மீடிறனைத் தொடும்போது பரிவு ஏற்பட்டு மெசின் முனகும், பலகையின் வெட்டு முகத்தில் சிற்றலை போல வரி விழும். 5 மில்லிமீற்றர் லீட்டில் அது நிமிடத்துக்கு 200 மில்லிமீற்றர் வேகத்துக்கு அண்மையில் வரும். 8 மைக்ரோஸ்டெப்புக்கு மாறினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆரம்ப வேகமும் இதோடு சேர்ந்தது. நின்ற மோட்டாருக்கு எடுத்த எடுப்பில் 600 சுற்றுக்கான பல்ஸ் அனுப்பினால் ரோட்டர் நின்ற இடத்தில் நடுங்கி இரையும், சுற்றாது. வேகத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். மரவேலை ரூட்டருக்கு முடுக்கத்தைச் செக்கன் வர்க்கத்துக்கு 200 முதல் 500 மில்லிமீற்றரில் தொடங்கிப் பாருங்கள்.

தள்ளிப்போன இதழை அளந்து பார்த்தல்

படி தவறும்போது ரோட்டர் இடையில் எங்கும் நிற்காமல் முழுப் பல்லாகத்தான் விழும் என்று மேலே கண்டோம். அதை வைத்துப் பழுதைப் பிரித்தறியலாம். 5 மில்லிமீற்றர் லீட்டை 50 ஆல் பிரித்தால் 0.1 மில்லிமீற்றர். 8 மில்லிமீற்றர் லீட் உள்ள மலிவு ஸ்குரூவில் 0.16. 20 பல் கப்பியும் 2 மில்லிமீற்றர் பெல்ட்டும் என்றால் 0.8. டயல் கேஜைப் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவுகருவியை) பூட்டி மேசையைச் சுழியத்தில் வைத்து, வெட்டாமல் வெறுமனே அதே புரோகிராமை ஓட்டி, திரும்பச் சுழியத்துக்குக் கொண்டுவந்து அளவுங்கள். விலகல் அந்த அளவின் முழு மடங்காக வந்தால் மோட்டார் படி தவறியிருக்கிறது. வோல்ட், வேகம், முடுக்கம், இறுக்கம் இவற்றைத் தேடுங்கள்.

முழு மடங்காக வராமல், திசை மாறிய தடவைகளுக்கு ஏற்றபடி ஒரே பக்கமாகக் கூடிக்கொண்டே போனால் பழுது மோட்டாரில் இல்லை. திசைச் சமிக்ஞை மாறி 5 மைக்ரோசெக்கனாவது கழிந்த பிறகே பல்ஸ் வர வேண்டும். கட்டுப்பாட்டு அட்டை அதற்கு முன்பே பல்ஸை அனுப்பினால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மைக்ரோஸ்டெப் தவறான பக்கம் போகும். பல்ஸின் எந்த விளிம்பில் படி விழுகிறது என்ற அமைப்பு தலைகீழாக இருந்தாலும் இதே கதிதான். விலகல் கூடாமல், திசை திரும்பும்போது மட்டும் ஒரே அளவு வந்தால் அது நட்டின் ஆட்டம். ஒழுங்கே இல்லாமல் வந்தால் மோட்டார் தண்டையும் ஸ்குரூவையும் இணைக்கும் கப்லிங்கின் சின்னத் திருகாணியைப் பாருங்கள். தண்டிலும் கப்லிங்கிலும் பேனையால் ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டினால், வழுக்குகிறதா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஸ்பிண்டில் (வெட்டும் அலகைச் சுற்றும் மோட்டார்) வயரும் பல்ஸ் வயரும், வயர்களைக் கொண்டுபோகும் ஒரே சங்கிலிக்குள் ஒட்டிக்கொண்டு போனாலும் ஒழுங்கில்லாத விலகல் வரும், ஸ்பிண்டிலின் இரைச்சல் பொய்ப் பல்ஸாக உள்ளே போகும்.

வயர், ஓட்டம், சூடு

நாலு வயர் மோட்டாரில் எது எதற்குச் சோடி என்பதை நிறத்தை நம்பிச் சொல்லக் கூடாது. கறுப்பும் பச்சையும் ஒரு சுருள், சிவப்பும் நீலமும் மற்றது என்பது பரவலான வழக்கம், ஆனால் எல்லாத் தொழிற்சாலையும் அதைப் பின்பற்றுவதில்லை. எந்த மீற்றரும் தேவையில்லாத வழி ஒன்று உண்டு. மோட்டாரை எதிலும் பூட்டாமல் கையில் எடுத்துத் தண்டை விரலால் சுற்றுங்கள். சின்னச் சின்னக் கடிப்போடு இலகுவாகச் சுற்றும். இப்போது ஏதாவது இரண்டு வயரின் நுனியை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டுச் சுற்றுங்கள். தண்டு பிசின் பிடித்ததுபோல் இறுகினால் அந்த இரண்டும் ஒரே சுருள். மாற்றமில்லை என்றால் வேறு இரண்டைப் பாருங்கள். ஒரு சுருளை முனை மாற்றிப் பூட்டினால் சுற்றும் திசை மாறும், வேறு கெடுதல் இல்லை. சோடி மாறிப் பூட்டினாலோ ஒரு வயர் விட்டுப்போனாலோ மோட்டார் முன்னும் பின்னும் நடுங்கும்.

எட்டு வயர் மோட்டாரில் அரைச் சுருள்களைத் தொடராகப் பூட்டினால் தூண்டல்திறன் நாலு மடங்காகும், வேகத்தில் சீக்கிரம் சோரும். சமாந்தரமாகப் பூட்டுவதே ரூட்டருக்கு ஏற்றது, ட்ரைவரில் அம்பியரைக் கூட்ட வேண்டியிருக்கும்.

ஓட்டத்தை அமைக்கும்போது ஒரு குழப்பம் வரும். மோட்டார் லேபிளில் உள்ள 2.8 அம்பியர் இரண்டு சுருளிலும் ஒரே நேரத்தில் நிலையாக ஓடலாம் என்ற கணக்கு. ட்ரைவரின் மூடியில் உச்சம், ஆர்.எம்.எஸ். (அதே சூட்டைத் தரும் நிலையான ஓட்டத்தின் அளவு) என்று இரண்டு நிரல் இருக்கும். டி.எம். 542 இல் 2.84 உச்சம் என்பது 2.03 ஆர்.எம்.எஸ். மைக்ரோஸ்டெப்பில் ஒரு சுருள் உச்சத்தில் இருக்கும்போது மற்றது சுழியத்தில் இருக்கும். எனவே 2.84 உச்சத்தில் வைத்தால் மோட்டாரின் சூடு லேபிள் அனுமதிப்பதில் பாதிதான், முறுக்குவிசையும் 1.26 க்குப் பதிலாக 0.89 தான். உச்சத்தை 3.76 வரை கூட்டுவதற்கு இடமிருக்கிறது, சூட்டைப் பார்த்துக்கொண்டு செய்ய வேண்டும்.

சூட்டைக் கண்டு பயப்படத் தேவையில்லை. இந்த மோட்டார்களின் காப்பு பெரும்பாலும் 130 பாகை செல்சியஸ் வகுப்பு. வெளி உடம்பு 70, 80 பாகை வரை போகலாம், கை வைக்க முடியாமல் சுடுவது பழுதின் அடையாளம் அல்ல. நின்றுகொண்டிருக்கும்போதும் முழு ஓட்டம் ஓடுவதால் சும்மா இருக்கும் மெசினும் சுடும். நிற்கும்போது ஓட்டத்தைப் பாதியாக்கும் சுவிட்ச் ட்ரைவரில் உண்டு, அதைப் போட்டுவிடுங்கள். கனத்த ஸ்பிண்டிலைத் தூக்கிப் பிடிக்கும் செங்குத்து அச்சுக்கு மட்டும் பாதி ஓட்டத்தில் பிடிக்கிறதா என்று முதலில் சோதியுங்கள்.

உண்மையில் கவனம் தேவைப்படுவது ட்ரைவர். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் தகரக் கூரைப் பட்டறைக்குள் ட்ரைவர் பெட்டியை மூடிவைத்தால் உள்ளே வெக்கை தேங்கும். மத்தியானத்துக்குப் பிறகு மட்டும் மெசின் இடையில் நிற்கிறது என்றால் ட்ரைவரின் சூட்டுப் பாதுகாப்பு விழுகிறதா என்று பாருங்கள். காற்றாடி வையுங்கள், காற்று நுழையும் பக்கம் மரத்தூளைத் தடுக்கும் வடிகட்டியும் வையுங்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஊர்களில் இன்னொரு எதிரி உப்புக் காற்று. கனெக்டரின் ஊசிகள் பச்சை பிடித்துத் தொடுகை விட்டுப்போகும். ஓட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது சுருள் ஒரு கணம் அறுந்தால் எழும் உயர் அழுத்தம் ட்ரைவரைக் கொல்லும். ஏ4988 போன்ற சின்ன ட்ரைவர்கள் இதில் மிகவும் பலவீனமானவை, அவற்றின் சப்ளைக் காலடியில் 100 மைக்ரோஃபரட் கப்பாசிட்டர் இல்லாமல் ஓட்டவே கூடாது. மின்சாரம் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றுவதும் இதே ஆபத்துத்தான்.

மின்வெட்டு வந்தால் மோட்டார் பிடியை விடும். சாதாரணத் திருகு ஸ்குரூ என்றால் செங்குத்து அச்சு பெரும்பாலும் நின்ற இடத்தில் நிற்கும், போல்ஸ்குரூ என்றால் ஸ்பிண்டில் மெல்லக் கீழே இறங்கிப் பலகையில் குத்தும். கரண்ட் திரும்ப வரும்போது ட்ரைவர் தன் தொடக்க நிலையில் ஓட்டத்தை விடும், ரோட்டர் அண்மையில் உள்ள பல்லுக்குத் தாவும். இரண்டு முழுப் படி வரை எந்தப் பக்கமும் போகலாம். ஆகவே நின்ற இடத்தில் இருந்து தொடராமல், முதலில் ஸ்பிண்டிலைக் கையால் உயர்த்தி, மூன்று அச்சையும் ஹோம் சுவிட்சில் (அச்சின் தொடக்க இடத்தைக் காட்டும் சுவிட்சில்) தொட வைத்து, புரோகிராமில் வெட்டு நின்ற இடத்துக்குப் பத்துப் பதினைந்து வரி முன்னால் இருந்து ஆரம்பியுங்கள். ஹோம் சுவிட்ச் ஒவ்வொரு தடவையும் 0.1 மில்லிமீற்றருக்குள் ஒரே இடத்தில் விழுகிறதா என்பதை டயல் கேஜ் வைத்து ஐந்தாறு தரம் பார்த்து வைத்திருந்தால், பழைய வெட்டும் புதிய வெட்டும் ஒரே பல்லில் சேரும்.